இஸ்திரி ரேட் ஏன் ஏறுது?

மலர்க்குழு நண்பர்கள் "டெக்னிக்கலா ஏதாவது எழுதுடா" என்று கேட்டார்கள். கியர், பம்ப், சி.என்.சி. என்று எழுதலாம்தான். ஆனால் அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் நான் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றை எழுதுகிறேன். இதிலும் கணக்கு உண்டு, மெஷின் உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

என் அப்பா மயிலாப்பூரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். தெற்கு மாட வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில், மரத்தடியில் நிற்கிற வண்டி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் நிற்கிறது. அம்மா வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவார், தேய்த்ததை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூறு துணி பார்ப்பார்கள். முகூர்த்த நாள் வந்தால் கூடும், மழை வந்தால் குறையும்.

இந்தப் பொங்கல் முடிந்ததும் அப்பா ஒரு அட்டையைக் கொடுத்து, "தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்கு. புது ரேட் எழுதிக் குடு" என்றார். சட்டை, பேண்ட் 10 ரூபாயாக இருந்தது 12 ஆகிறது. ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வண்டியில் கட்டினேன். கட்டிய அன்றைக்கே மூன்றாவது மாடி மாமி வந்து நின்றார்.

"ஏம்பா, அதே பெட்டி, அதே சட்டை, அதே ரெண்டு கை. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நீ என்ன புதுசா பண்ணிட்ட? எதுக்கு ரெண்டு ரூபா ஏத்தறே?"

அப்பா வழக்கமான பதிலைச் சொன்னார். "எல்லாம் ஏறிடுச்சும்மா."

மாமி போய்விட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குள்ளேயே நின்றது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் ஐந்தாவது படிக்கும்போது இதே துணிக்கு 6 ரூபாய். அன்றைக்கு அப்பா தேய்த்த வேகம்தான் இன்றைக்கும். சந்தேகம் இருந்தால் அளந்தே பார்த்துவிடலாமே என்று, வொர்க் ஸ்டடி பாடத்தில் படித்த மாதிரி போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். முழுக்கைச் சட்டை ஒன்றுக்கு மூன்று நிமிஷம். பேண்ட் நாலு. கஞ்சி போட்ட காட்டன் புடவை என்றால் எட்டு. ("நேரம் பாக்கறியா, இல்ல அந்தத் துணிய மடிக்கறியா?" என்று அம்மாவிடம் திட்டு வாங்கியது தனி.) மூன்று வருஷம் முன்பு கரிப் பெட்டியிலிருந்து கேஸ் பெட்டிக்கு மாறினோம். காலையில் கரி மூட்டி, ஊதி, சாம்பல் தட்டுகிற வேலை போயிற்று. துணி மேல் சாம்பல் விழுந்து கறை ஆகிற பயமும் போயிற்று. ஆனால் சட்டை மேல் பெட்டி ஓடுகிற நேரம் மட்டும் மாறவே இல்லை. காலரை முன்னும் பின்னும் தேய்க்கணும், கைமடிப்பு பிடிக்கணும், பட்டன் இடைவெளியில் பெட்டி நுனியை விடணும். இதில் எதைக் குறைப்பது?

அப்படியானால் விலை ஏன் ஏறுகிறது?

"அதான் பணவீக்கம்" என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பணவீக்கம் என்றால் எல்லா விலையும்தானே ஏறணும்? சிலது இறங்கியிருக்கிறதே! 1995ல் நம் நாட்டில் செல்போன் வந்த புதிதில் ஒரு நிமிஷம் பேச 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வருகிற அழைப்புக்கும் காசு. இன்றைக்கு நாம் மணிக்கணக்காகப் பேசுகிறோம், யாரும் நிமிஷம் எண்ணுவதில்லை. எல்.இ.டி. பல்பு 2014 தொடக்கத்தில் மத்திய அரசின் திட்டத்துக்காக மொத்தமாக வாங்கும்போதே ஒன்று 310 ரூபாய். சில வருஷங்களிலேயே அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஒரே நாடு, ஒரே ரூபாய். பல்பு இறங்குகிறது, இஸ்திரி ஏறுகிறது. ஆக, பணவீக்கம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என்ன?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நான் ஞாயிறு மதியம் போவது வழக்கம். முதல் காரணம் ஏ.சி., ரெண்டாவது காரணம் புத்தகம். அங்கேதான் வில்லியம் பாமோல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியரைப் பற்றிப் படித்தேன். இவரும் வில்லியம் போவன் என்பவரும் சேர்ந்து, நாடகம், இசை, நடனம் நடத்துகிற அமைப்புகள் ஏன் எப்போதும் பணக்கஷ்டத்தில் இருக்கின்றன என்று ஆராய்ந்து, 1966ல் ஒரு புத்தகம் போட்டார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் ரொம்ப சிம்பிள். நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற இசை, 45 நிமிஷம். மொத்தம் மூன்று மணி நேர மனித உழைப்பு. அந்த இசை எழுதப்பட்ட காலத்திலும் மூன்று மணி நேரம், இன்றும் மூன்று மணி நேரம். கார் செய்கிற உழைப்பைக் குறைத்துக்கொண்டே வருகிறான் மனுஷன். இதை மட்டும் குறைக்க முடியவில்லை. பின்னால் இதற்கு 'செலவு நோய்' என்று பெயரே வந்துவிட்டது. பாமோல் 2017ல் தனது 95வது வயதில் காலமானார்.

இதைப் படித்ததும் எனக்கு மார்கழி ஞாபகம் வந்தது. டிசம்பர் மாசம் எங்கள் வண்டிக்கு சீசன். பட்டு ஜிப்பா, ஜரிகை வேஷ்டி, பட்டுப் புடவை என்று வந்து குவியும். வாடிக்கைக்காரர் ஒருவர் மிருதங்கம் வாசிக்கிறவர். ரெண்டு வருஷம் முன்னால் அவருடைய ஜிப்பாவைக் கொடுக்க ஒரு சபா வாசலுக்கே போக வேண்டியதாயிற்று. "மத்தியானக் கச்சேரி இலவசம்தான்ப்பா, உள்ள உக்காந்து கேட்டுட்டுப் போ" என்றார். உட்கார்ந்தேன். பாட்டு பாதி புரிந்தது, தனி ஆவர்த்தனம் முழுசாகப் புரிந்தது.

இப்போது பாமோல் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். மேடையில் பாடுகிறவர், வயலின், மிருதங்கம், பின்னால் தம்புரா. நாலு பேர், ரெண்டரை மணி நேரம், ஆக பத்து மணி நேர உழைப்பு. மியூசிக் அகாடமி தொடங்கியது 1928ல். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்துக் கொடுத்த கச்சேரி முறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. சுமார் நூறு வருஷத்தில் லேத் எங்கேயோ போய்விட்டது, ஆனால் ஒரு ஆலாபனையைச் 'சீக்கிரம்' பாடி உற்பத்தியைக் கூட்ட முடியாது. சீக்கிரம் பாடினால் அது வேறு சரக்கு. முன்பு நாலு, அஞ்சு மணி நேரம் நடந்த கச்சேரி இன்று ரெண்டரை மணி நேரத்தில் முடிகிறது என்றால், அது திறமை கூடியதால் அல்ல, அளவு குறைந்ததால். ஹோட்டலில் இட்லி விலையை ஏற்றாமல் இட்லியைச் சின்னதாக்குவது போல.

சரி, இழுக்காமல் நேராகக் கணக்குக்கு வருகிறேன். நம்ம வொர்க்‌ஷாப் உதாரணமே எடுத்துக்கொள்வோம். எல்லா எண்ணும் என் கற்பனை, ஈஸியாக இருக்கணும் என்பதற்காக.

ஒருவர் பழைய லேத்தில் ஒரு நாளைக்கு 10 ஷாஃப்ட் கடைகிறார். கூலி 100 ரூபாய். அப்போ ஒரு ஷாஃப்டுக்குக் கூலிச் செலவு 10 ரூபாய். பக்கத்தில் ஒரு இஸ்திரிக்காரர். ஒரு நாளைக்கு 100 துணி. அவருக்கும் 100 ரூபாய் கூலி. ஒரு துணிக்கு 1 ரூபாய்.

பத்து வருஷம் கழிகிறது. லேத் போய் சி.என்.சி. வந்துவிட்டது. அதே ஆள் இப்போது 40 ஷாஃப்ட் போடுகிறார். முதலாளி கூலியை 300 ஆக்குகிறார். மூன்று மடங்கு! ஆனாலும் ஒரு ஷாஃப்டுக்குக் கூலி ஏழரை ரூபாய்தான். கூலி ஏறியும் ஷாஃப்ட் மலிவாகிவிட்டது. இஸ்திரிக்காரரோ அதே 100 துணிதான். அவருக்கு இன்னும் 100 ரூபாய்தான் என்றால் என்ன செய்வார்? பெட்டியை வைத்துவிட்டு அந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பார். அவர் போகாவிட்டாலும் அவர் பிள்ளை போவான். ஊரில் இஸ்திரிக்காரர் வேண்டுமென்றால் அவருக்கும் 300 பக்கம் கிடைத்தாகணும். அப்போ ஒரு துணி 3 ரூபாய். அவர் கை வேகம் குறையவில்லை, சோம்பேறியும் ஆகவில்லை. பக்கத்துக் கம்பெனியில் மெஷின் வந்ததால் இவர் துணிக்கு விலை ஏறிவிட்டது!

மாமியின் கேள்விக்கு இதுதான் பதில். அப்பா புதுசாக ஒன்றும் செய்யவில்லை. புதுசாகச் செய்தது மற்றவர்கள்.

இது வெறும் பேப்பர் கணக்கில்லை. எங்கள் தெருவில் நான் பார்த்தது. முன்பு அந்தத் தெருவில் மூன்று வண்டி நின்றது. இப்போது அப்பா வண்டி ஒன்றுதான். அப்பாவுக்கு ஒத்தாசையாக என் சித்தப்பா பையன் இருந்தான், நல்ல கை அவனுக்கு. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, மாசச் சம்பளம். "அண்ணே, இங்க நின்னா எனக்குப் பொண்ணு யாரு குடுப்பா?" என்று என்னிடமே கேட்டான். (நான் அவனுக்குத் தம்பி. ஆனால் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்து கிண்டலுக்கு என்னை அண்ணே என்கிறான்.) அந்தச் சம்பளத்தை அப்பாவால் கொடுக்க முடியாது. கொடுக்கணும் என்றால் துணிக்கு 20 ரூபாய் கேட்கணும்.

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2000ல் நம்ம தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் வந்து 2014ல் மூடியே போய்விட்டது. இப்படி ஒவ்வொன்று வரும்போதும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமல்ல, அங்கே போகலாம் என்று நினைக்கிற எல்லாருக்கும் ஒரு விலை ஏறுகிறது. டைடல் பார்க்குக்கு சாஃப்ட்வேர்காரர் மட்டும் போகவில்லை. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், வண்டி ஓட்ட என்று எவ்வளவோ பேர் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டு வேலையையும் கைத்தொழிலையும் விட்டுவிட்டுப் போனவர்கள்!

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். ரேட் இப்படி ஏறுகிறது என்றால் உங்கப்பா இந்நேரம் பணக்காரர் ஆகியிருக்கணுமே? ஆகவில்லை. நூறு துணி, 12 ரூபாய், ஆக 1200. அதில் கேஸுக்கும் வண்டிக்கும் போக மிச்சத்தை ரெண்டு பேரால் வகுங்கள். கடைநிலைக் கம்பெனிச் சம்பளத்தையே இன்னும் எட்டவில்லை. புத்தகக் கணக்கில் கூலி உடனே சமமாகிவிடுகிறது. தெருவில் அது இழுத்துக்கொண்டே பின்னால் வருகிறது. ஐம்பது வயதில் பெட்டியை வைத்துவிட்டு ஒரகடம் போக முடியாதவர்கள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. யாரும் ஆபீஸ் போகவில்லை, அபார்ட்மென்ட் கேட்டுக்குள் அம்மாவை விடவில்லை. தேய்க்கத் துணியே இல்லை. அந்த நேரம் கேஸ் விலை, அரிசி விலை எது ஏறினாலும் அப்பாவால் ஒரு ரூபாய் ஏற்ற முடியவில்லை. அதனால் இந்த விலை தானாக ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். தேய்க்கக் கொடுக்கிறவர் கையில் காசும் இருக்கணும், தேய்க்கிறவருக்கு வேறு வழியும் இருக்கணும்.

மெக்கானிக்கல்காரர்கள் இந்நேரம் குதித்துக்கொண்டிருப்பீர்கள், "ஏன்டா, இஸ்திரிக்கு மெஷின் வெச்சா முடிஞ்சுதே?" என்று. நானும் யோசித்தேன். பெரிய ஹோட்டல், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பைச் சூடான ரோலருக்குள் விட்டு எடுக்கிறார்கள். விரிப்பு தட்டையானது, ஒரே அளவு, ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அதனால் மெஷின் ஜெயிக்கிறது. எங்கள் மூட்டையில் ஒன்று காட்டன் சட்டை, அடுத்தது பள்ளிக்கூடப் பாவாடை, அதற்கடுத்தது ஜரிகை வேஷ்டி. ஷாஃப்டை சக்கில் பிடித்தால் நின்ற இடத்தில் நிற்கும். துணி நிற்காது, தொங்கும், சுருங்கும், நழுவும். அதைக் கண்ணால் பார்த்து விரலால் இழுத்துவிடுவதுதான் பாதி வேலை. தையலும் இப்படித்தான். தி.நகரில் ரெடிமேட் சட்டை 350க்கு எடுத்தேன். நம்ம யூனிஃபார்ம் சட்டை தைக்க அதே தி.நகரில் கூலி மட்டும் 400 கேட்டார்கள், துணி தனி. ஃபேக்டரியில் ஒரு சட்டையைப் பல வேலையாகப் பிரித்து ஒருவர் காலர், ஒருவர் கை என்று உட்கார்த்திவிடுகிறார்கள். டெய்லர் என் ஒருவன் தோளை அளந்து எனக்காக ஒன்று மட்டும் தைக்கிறார். அடையாறில் டேபிள் ஃபேன் ரிப்பேருக்குக் கொண்டுபோனால் "இதுக்கு ஆகற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம் தம்பி" என்று கடைக்காரரே சொல்வதும் இதனால்தான். ஃபேனைச் செய்தது லைன், ரிப்பேர் பார்ப்பது ஆள்.

பாட்டுக்காரர்களுக்கு ஒரு வழி கிடைத்தது, அதையும் சொல்லிவிடணும். மைக் வந்தது. முன்வரிசை நூறு பேர் கேட்ட குரலை ஆயிரம் பேர் கேட்டார்கள். அப்புறம் ரேடியோ, கேசட், இப்போது போன். ஒருமுறை பாடியதை லட்சம் பேர் கேட்கலாம். அப்படிக் கேட்பது மலிவாகிவிட்டது. நேரில் கேட்பது மட்டும் மலிவாகவில்லை. அதனால்தான் சபாக்கள் டிக்கெட்டை மட்டும் நம்பாமல் ஸ்பான்சர், நன்கொடை என்று தேடுகிறார்கள். பாமோலும் போவனும் அமெரிக்காவில் பார்த்ததும் இதையேதான், டிக்கெட் வசூல் செலவுக்குப் பற்றாது. எங்கள் அப்பாவுக்கு மைக் கிடையாது. ஒரு சட்டையைத் தேய்த்தால் ஒரு சட்டைதான்.

நம்ம வகுப்பறையும் இதே கதை. ஒரு சார், அறுபது பேர், ஒரு மணி நேரம். வைவா என்றால் ஒருவர் ஒருவராகத்தான் கேட்கணும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் நூறு கட்டிலைப் பார்க்க ஆரம்பித்தால் அதை முன்னேற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்து வைத்தார். அங்கே இல்லாதவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் வைத்தியம் நடக்கிறது என்றால், மீதிச் செலவை அரசாங்கமோ நன்கொடையோ தாங்குகிறது என்று அர்த்தம். அரசு பாலிடெக்னிக்கில் ஃபீஸ் கம்மி என்பதும் அப்படித்தான். செலவு கம்மி இல்லை, வேறு யாரோ கட்டுகிறார்கள். 'வருஷா வருஷம் செலவு கூடுது, நிர்வாகம் சரியில்ல' என்று பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் பற்றி யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் உடனே தலையாட்டுவதில்லை. நிர்வாகம் மோசமாகவும் இருக்கலாம். ஆனால் ரொம்ப நல்ல நிர்வாகம் நடந்தாலும் அந்தச் செலவு கூடத்தான் செய்யும்.

அப்படியென்றால் ஒரு நாள் யாராலும் இதையெல்லாம் வாங்க முடியாமல் போய்விடுமா? பாமோல் இல்லை என்கிறார். அவர் பதில் எனக்குப் பிடித்தது. என் ஷாஃப்ட் கணக்கிலேயே பாருங்கள். லேத்காரர் முதலில் 100 ரூபாயில் 100 துணி தேய்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து 300 ரூபாயில், துணி 3 ரூபாய், அப்பவும் அதே 100 துணி. எதையும் இழக்கவில்லை. ஷாஃப்ட் மட்டும் முன்பு 10 வாங்கலாம், இப்போது 40. கூலியில் பார்த்தால் இஸ்திரி விலை ஏறவே இல்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. மற்றதெல்லாம் இறங்கிவிட்டதால் இது ஏறியது போலத் தெரிகிறது. பஸ் நகரும்போது மரம் பின்னால் ஓடுவது போலத்தான்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். கூலி ஏறியவருக்குத்தான் இந்த ஆறுதல். எங்கள் தெருவில் தரைத்தளத்தில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பேங்க் வட்டியில் சாப்பிடுகிறவர். அவருக்கு எந்த சி.என்.சி.யும் சம்பளம் ஏற்றித் தரவில்லை. முன்பு வாரம் நாலு புடவை கொடுப்பார், அப்புறம் ரெண்டு, இப்போது மாசத்துக்கு ரெண்டு. போன் மலிவாகிவிட்டது என்று அவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர் புடவைக்கு அப்பா இன்னும் பழைய ரேட்தான் வாங்குகிறார். நான் எழுதிய அட்டை அவருக்குச் செல்லாது. நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பாட்டியின் விலை வித்தியாசத்தைத் தாங்குவது ஸ்பான்சரும் இல்லை, அரசாங்கமும் இல்லை, அந்தக் கணக்கிலேயே கடைசியில் நிற்கிற என் அப்பா.

போன மாசம் கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கு ஒரு கம்பெனியில் கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் மாசம் 18,000. எங்கள் வீட்டில் மாசச் சம்பளம் என்று ஒன்றை வாங்கப் போகிற முதல் ஆள் நான். வண்டிக்குப் போய்ச் சொன்னேன். அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார். பாமோலைப் படிக்காமலே கணக்கு போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"மாசம் இருபத்தாறு நாள்னு வெச்சுக்க. அப்ப ஒரு நாளைக்கு அம்பத்தெட்டு துணி" என்றார். அப்புறம், "தனியாவா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, நான் ஒருத்தன்தான்."

"அப்ப அடுத்த பொங்கலுக்கு இந்த அட்டைய மாத்தி எழுதணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டியை எடுத்தார்.

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)